நாலு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம்

கஜானா காலியான ஒரு ரயில்வே நிறுவனத்தை, அதில் மிச்சம் இருந்த ஒரே ரயிலையும் உருவிக்கொண்ட பிறகு, எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் தலையில் கட்டிவிடுவது. இதைச் செய்வதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீட்டில் கூடி, விளக்கு வைக்கும் நேரம் வரை மேசையை விட்டு எழாமல் விளையாடுகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதைப் பற்றியும், நான் கேட்கிற ஒரு விதமான இசையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் எனக்குள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

விளையாட்டின் பெயர் 1830. வருடம்தான் பெயர். இந்தக் குடும்பத்து விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏதாவது ஒரு வருடமே பெயர் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து 18எக்ஸ்எக்ஸ் என்பார்கள். தொடங்கி வைத்தவர் பிரான்சிஸ் ட்ரெஷம் என்ற ஆங்கிலேயர். 1974-இல் அவர் வெளியிட்ட 1829தான் முதல் விளையாட்டு, பிரிட்டனின் தென்பகுதியை வைத்துச் செய்தது. 1980-இல் சிவிலைசேஷன் என்ற பலகை விளையாட்டைச் செய்தவரும் இவரேதான். ஒன்றைக் கற்றால்தான் அடுத்ததைக் கற்கலாம் என்கிற தொழில்நுட்ப மரம் இன்று எத்தனையோ கணினி விளையாட்டுகளில் இருக்கிறதே, அதற்கு வழிகாட்டியாகச் சொல்லப்படுவது அந்த விளையாட்டுதான். 2019-இல் காலமானார். இவ்வளவு செய்த மனிதரின் பெயர் விளையாட்டு ஆடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

1830 அவருடையதுதான். 1986-இல் அமெரிக்காவில் அவலான் ஹில் நிறுவனம் அதை வெளியிட்டது. வடகிழக்கு அமெரிக்காவின் வரைபடம், அறுகோணக் கட்டங்கள், எட்டு ரயில்வே நிறுவனங்கள். பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், ஈரி, பால்டிமோர் அண்ட் ஓஹையோ, கனடியன் பசிபிக் என்று எல்லாமே நிஜமாக இருந்த நிறுவனங்கள். பகடை கிடையாது. சீட்டுக் குலுக்கல் கிடையாது. யாரிடம் எவ்வளவு பணம், எத்தனை பங்கு என்பதெல்லாம் மேசை மேல் திறந்தே கிடக்கும்.

புதிதாக வருபவர்களுக்குப் பிடிபட நேரமாகிற விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் ரயில்வே நிறுவனம் கிடையாது, முதலீட்டாளர். உங்கள் பணம் வேறு, நிறுவனத்தின் பணம் வேறு. ஒரு நிறுவனத்தின் தலைவர் பங்கை வாங்குகிறவர் அதன் தொடக்க விலையை 67-இலிருந்து 100 டாலருக்குள் தீர்மானிப்பார், பங்குகளில் 60 சதவீதம் விற்றதும் நிறுவனம் உயிர் பெறும், தொடக்க விலையின் பத்து மடங்கு பணம் அதன் கஜானாவில் வந்து விழும். அப்புறம் அந்த நிறுவனம் தண்டவாளம் போடும், நிலையம் வைக்கும், ரயில் வாங்கும், ஊர்களை இணைத்து ஓட்டி வருமானம் பார்க்கும். வந்த வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா, கஜானாவிலேயே வைத்துக்கொள்வதா என்று தலைவர் முடிவு செய்வார். கொடுத்தால் பங்கு விலை ஏறும், கொடுக்காவிட்டால் இறங்கும். ஆட்டத்தின் முடிவில் எண்ணப்படுவது உங்கள் சொந்தப் பணமும் உங்கள் பங்குகளின் மதிப்பும் மட்டும்தான். நீங்கள் ஆறு மணி நேரம் பாடுபட்டு வளர்த்த நிறுவனத்தின் கஜானாவில் எவ்வளவு இருந்தாலும் அது உங்கள் கணக்கில் வராது.

இதுவரை கேட்டால் ஏதோ வணிகவியல் பாடம் மாதிரி இருக்கும். ஆட்டத்தின் உயிர் ரயில்களில் இருக்கிறது. முதலில் வரும் 2-ரயில் (இரண்டு ஊர் வரை ஓடும்) 80 டாலர், மலிவு. மொத்தம் ஆறு இருக்கும். அவை விற்றுத் தீர்ந்தால் 3-ரயில், 180 டாலர். அதுவும் தீர்ந்தால் 4-ரயில், 300. யாராவது முதல் 4-ரயிலை வாங்கிய அந்த நொடியில், மேசையில் இருக்கிற எல்லா 2-ரயில்களும் துருப்பிடித்துக் குப்பைக்குப் போகும். முதல் 6-ரயில் வந்தால் 3-ரயில்கள் போய்விடும். முதல் டீசல் வந்தால், அதன் விலை 1,100 டாலர், 4-ரயில்கள் எல்லாம் காலி. பாதை இருந்தும் ரயில் இல்லாமல் ஒரு நிறுவனம் தன் முறையை முடிக்க முடியாது. கஜானாவில் பணம் போதாவிட்டால் தலைவர் தன் சொந்தக் காசைப் போட்டு வாங்கித் தர வேண்டும். அதுவும் போதாவிட்டால் தன்னிடம் இருக்கிற பங்குகளை விற்றாவது வாங்கித் தர வேண்டும். அப்படியும் முடியவில்லை என்றால் அவர் திவால், ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கும். மற்ற விளையாட்டுகளில் காலம் தானாக ஓடும், பத்துச் சுற்று என்றால் பத்துச் சுற்று. இங்கே காலத்தை நகர்த்துகிறவர்கள் ஆட்டக்காரர்கள்தான். எல்லாரும் பொறுமையாக இருந்தால் பழைய ரயில்கள் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஒருவர் அவசரப்பட்டு, அல்லது வேண்டுமென்றே, ஒரே முறையில் இரண்டு ரயில் வாங்கிவிட்டால் அடுத்த யுகம் வந்து கதவைத் தட்டும். யார் எப்போது வாங்குவார், வாங்கினால் யார் ரயில் துருப்பிடிக்கும், அதற்குள் நம் கஜானாவில் 300 டாலர் சேருமா என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் போகிறேன்.

தலையில் கட்டுகிற கதைக்கு வருகிறேன். ஆட்டம் கொஞ்சம் முன்னேறிய பிறகு ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடமிருந்து ரயில் வாங்கலாம், விலையை அந்த இரண்டு தலைவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இரண்டு நிறுவனத்துக்கும் ஒரே ஆள் தலைவராக இருந்தால்? ஒரு டாலருக்கு முடித்துவிடலாம். ஈரியிடம் இருக்கிற நல்ல ரயிலை நியூயார்க் சென்ட்ரல் ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ளும். ஈரியில் இப்போது ரயிலும் இல்லை, பணமும் இல்லை. அடுத்து பங்குச் சுற்று வருகிறது. ஈரியின் தலைவர் தன் பங்குகளை மளமளவென்று விற்கிறார், ஒவ்வொரு பங்குக்கும் விலை இறங்குகிறது, கடைசியில் அவரைவிட அதிகப் பங்கு வைத்திருக்கிற ஒருவர், லாபம் வரும் என்று நம்பி இரண்டு மூன்று பங்கு வாங்கி வைத்திருந்த ஒருவர், ஈரியின் புதிய தலைவராகிவிடுகிறார். அடுத்த முறை ஈரிக்கு ரயில் வாங்கித் தர வேண்டியது அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் கடையில் இருப்பது டீசல் மட்டும் என்றால் 1,100 டாலரும் அவர் சட்டைப்பையிலிருந்து.

கேட்கிறவர்கள் இது அநியாயம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாத் தகவலும் மேசையில் திறந்திருக்கிறது. ஈரியின் கஜானா காலியாவதும், ஒரே ஆள் இரண்டு நிறுவனத்தை வைத்திருப்பதும், அவருக்கு அடுத்தபடி யார் அதிகப் பங்கு வைத்திருக்கிறார் என்பதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரு சுற்றுக்கு முன்னாலேயே அந்தப் பங்குகளை விற்றுவிட்டு வெளியே வந்திருக்கலாம். அவ்வளவு வெளிப்படையாகக் கிடக்கிற ஒன்றைப் பார்க்கிற கண் வருவதற்கு நேரம் பிடிக்கும், வந்த பிறகு ஆட்டமே வேறாகத் தெரியும். எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர், வேலை விஷயமாக வெளிநாட்டில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டு வந்தவர், பங்கு வாங்கும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொல்வார்: "தம்பி, இதை உனக்கு விக்கிறதுல அவனுக்கு என்னப்பா சந்தோஷம்?"

இதில் இன்னொரு சுகம், நிஜ வரலாறு உள்ளே வந்து உட்காருவது. ஈரி நிறுவனத்துக்காக 1868-இல் நடந்த சண்டையைப் பற்றி நான் தேடிப் படித்ததே இந்த விளையாட்டால்தான். ரயில்வே அதிபர் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் ஈரியின் பங்குகளைச் சந்தையில் வாங்கிக் குவித்து நிறுவனத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். உள்ளே இருந்த டேனியல் ட்ரூ, ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க் மூவரும் அவர் வாங்க வாங்கப் புதுப் பங்குகளை அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கைது செய்ய ஆள் வருகிறது என்றதும் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஹட்சன் ஆற்றைத் தாண்டி, நியூயார்க் சட்டம் எட்டாத ஜெர்சி சிட்டிக்குப் போய்விடுகிறார்கள். படித்து முடித்தபோது, ட்ரெஷம் எதையும் மிகைப்படுத்தவில்லை என்று புரிந்தது. சொல்லப்போனால் விளையாட்டில் கொஞ்சம் ஒழுங்கு அதிகம், அங்கே யாரும் பங்கு அச்சடிக்க முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த மாதிரி விஷயங்களில் பார்வையாளர் என்று யாரும் இல்லை. கிரிக்கெட் பார்க்கலாம், சினிமா பார்க்கலாம், கச்சேரிக்குப் போய் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். இங்கே வருகிற எல்லாரும் ஏதாவது ஒன்றைத் தூக்கிச் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விஷயமே நடக்காது. நாலு பேர் வராவிட்டால் ஆட்டம் இல்லை, வந்தவர்களில் ஒருவர் விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்திருக்காவிட்டால் ஆட்டம் இல்லை. 1830 விளையாட்டுக்குப் பின்னாளில் மறுபதிப்பு வந்தது, ஆனால் இந்தக் குடும்பத்தில் இருக்கிற நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் பெரும்பான்மையை எந்தப் பெரிய கம்பெனியும் அச்சிட்டதில்லை. விளையாடுகிறவர்களே செய்தார்கள். அமெரிக்காவில் டீப் தாட் கேம்ஸ் என்ற சிறு முயற்சி, கேட்பவர்களுக்குக் கையால் செய்து அனுப்பியது, பெட்டி வந்து சேர ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மற்றவர்கள் வரைபடத்தை இறக்கி, தாங்களே அச்செடுத்து வெட்டிக்கொண்டார்கள்.

வரைபடத்தின் அறுகோணக் கட்டங்களில் வைக்கிற தண்டவாள வில்லைகளுக்கு எண் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கூர்மையான வளைவு 7, மெல்லிய வளைவு 8, நேர்ப்பாதை 9, நகரம் உள்ள நேர்ப்பாதை 57. யார் எந்த நாட்டில் எந்த விளையாட்டை வடிவமைத்தாலும் அநேகமாக இதே எண்கள்தான். யாரும் சட்டம் போடவில்லை, ஒருவர் செய்ததை அடுத்தவர் மதித்து அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த ஒழுங்கு இது. எங்கள் மேசையிலும் "அங்க ஒரு 8 வை, அடுத்த தடவை பச்சையா மாத்திக்கலாம்" என்று பேசிக்கொள்வோம். மஞ்சள் முதல், பிறகு பச்சை, பிறகு பழுப்பு, அந்த வரிசையில் பாதை வளரும்.

எங்கள் செட்டில் வில்லைகள் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அச்செடுத்து, கனமான அட்டையில் ஒட்டி, வெட்டியவை. அறுகோணத்தைச் சுத்தமாக வெட்டுவது சின்ன வேலை இல்லை, எங்களில் ஒரு பெண் கட்டடக்கலைஞர், ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து அவர் வெட்டியதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. காகிதப் பணத்தை எண்ணி முடிக்க நேரமாகும் என்பதால் உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்கள் போக்கர் சில்லுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள், நாங்களும் அப்படியே. ஒருமுறை எங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ரயில் விளையாட்டுன்னு சொன்னியேடா, எல்லாரும் கால்குலேட்டரும் கையுமா இருக்கீங்க?" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, யார் எந்த நிறுவனம் என்று கேட்க ஆரம்பித்தார். சீட்டுப் பிடித்துப் பழகியவர் என்பதால் ஏலச் சுற்று மட்டும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

சரி, இசை.

1969-இல் பாரிஸில் கிறிஸ்டியன் வாண்டர் என்ற டிரம்மர் மாக்மா என்ற குழுவைத் தொடங்கினார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இசையில் ஊறியவர், 1967-இல் கோல்ட்ரேன் இறந்தது அவரை உலுக்கிப்போட்டது. பிரெஞ்சு மொழி தன் இசைக்குப் போதவில்லை என்று கோபையன் என்று ஒரு மொழியைத் தானே உருவாக்கி, அதில் பாடல்களை எழுதினார். 1970-இல் வந்த முதல் இரட்டை இசைத்தட்டில் கதை, பூமியை விட்டுக் கிளம்பி கோபையா என்ற கிரகத்தில் குடியேறுகிற மனிதர்களுடையது. 1973-இல் வந்த மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ அவர்களின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். தட்டு முழுக்க ஒரே படைப்பு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பியானோவும் பாஸும் டிரம்ஸும் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே போக, அதன் மேல் குரல்கள் கூட்டமாக ஏறி ஏறி, இனிமேல் ஏற இடமில்லை என்று நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறும்.

மொழி புரியாமல் எப்படிக் கேட்பது என்று கேட்கிறார்கள். தியாகராஜரைத் தெலுங்கு தெரியாமல் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு உருகுகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதைவிட நெருக்கமாக, நட்டுவனார் சொல்லும் ஜதி இருக்கிறது. தகதிமி தகஜணு என்பதற்கு அகராதியில் என்ன பொருள் பார்ப்பீர்கள்? அந்த எழுத்துகளின் எடையும் தாளமும்தான் எல்லாம். கோபையனையும் நான் அப்படித்தான் கேட்கிறேன், ஒரு டிரம்மர் உருவாக்கிய மொழி என்பதாலோ என்னவோ அதன் ஒவ்வொரு அசையும் தோலில் விழுகிற அடி மாதிரி இருக்கிறது.

இந்த இசையும் கைமாற்றிக் கைமாற்றித்தான் பிழைத்தது. 1978 மார்ச்சில் லண்டனில் ஹென்றி கவ் என்ற குழு, ஐரோப்பாவில் தங்களைப் போலவே பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் சீந்தாத குழுக்களை அழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தியது. இத்தாலியிலிருந்து ஸ்டார்மி சிக்ஸ், ஸ்வீடனிலிருந்து சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்திலிருந்து யூனிவர்ஸ் ஜீரோ, பிரான்ஸிலிருந்து எத்ரான் ஃபூ லலூப்லான். ராக் இன் ஆப்போசிஷன் என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு ஹென்றி கவ்வின் டிரம்மர் கிரிஸ் கட்லர், ரெக்கமெண்டட் ரெக்கார்ட்ஸ் என்று தொடங்கி இந்த மாதிரிக் குழுக்களின் தட்டுகளைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். வாசிக்கிறவர்களே விற்கவும் செய்தார்கள், ஒருவர் தட்டை இன்னொருவர் பரிந்துரைத்தார். யூனிவர்ஸ் ஜீரோவில் பஸூனும் வயலினும் ஆர்மோனியமும் சேர்ந்து எழுப்புகிற அந்த இருட்டான ஒலி எனக்கு வந்து சேர்ந்தது, அந்தப் பழைய பரிந்துரைச் சங்கிலியின் ஏதோ ஒரு கடைசிக் கண்ணி வழியாகத்தான். ஜப்பானுக்கும் இது போயிருக்கிறது. யோஷிதா தட்சுயா என்ற டிரம்மர், 1985-இல் ருயின்ஸ் என்று டிரம்ஸும் பாஸும் மட்டும் கொண்ட குழுவைத் தொடங்கி, அவரும் சொந்தமாக ஒரு மொழியில் பாடினார். அப்புறம் கோயென்ஜி ஹ்யாக்கெய் என்று அவருடைய இன்னொரு குழு. வாண்டர் போட்ட விதை டோக்கியோவில் இப்படி முளைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

மறுபடி ரயிலுக்கு வருகிறேன், நம் ஊர் சம்பந்தம் ஒன்று பாக்கி இருக்கிறது. ட்ரெஷம் 1989-இல் 1853 என்று ஒன்று செய்தார், இந்தியாவின் வரைபடம். பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய வருடம். (நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856-இல்.) பங்குச் சண்டையைக் குறைத்து, பாதை போடுகிற வேலைக்கு அதிக இடம் கொடுத்த விளையாட்டு இது. அகலப் பாதை, மீட்டர் பாதை இரண்டும் இதில் உண்டு. தொண்ணூறுகள் வரை எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் பாதையில் போய் வந்தவர்களுக்கு, அகலப் பாதை போடப் பணம் போதாமல் மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுக்கிற அந்த ஒரு முடிவை மேசையில் எடுக்கும்போது வருகிற உணர்வு வேறு. இங்கிலாந்தில் இருந்த ஒருவர் இதைக் கவனித்து விளையாட்டுக்குள் வைத்தார் என்பதற்காகவே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

யாருக்காவது ஆசை வந்தால் 1830-இல் நேராகக் குதிக்க வேண்டாம். 18செசபீக் என்று ஒன்று இருக்கிறது, புதியவர்களுக்காகவே செய்தது, விதிகள் கிட்டத்தட்ட 1830-இன் விதிகள்தான், கொடூரம் கொஞ்சம் குறைவு. டாம் லேமன் வடிவமைத்த 1846-உம் நல்ல வாசல், சீக்கிரம் முடியும். பெட்டி வாங்கவே தேவையில்லை, 18எக்ஸ்எக்ஸ்.கேம்ஸ் என்ற தளத்தில் உலாவியிலேயே இலவசமாக ஆடலாம், அதையும் தன்னார்வலர்கள்தான் நிரல் எழுதி வளர்க்கிறார்கள். கணக்கை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் முதல் ஆட்டத்தை முடிந்தவரை நேரில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க ஆடுங்கள். மாக்மாவைத் தொடங்குகிறவர்கள் 1973 தட்டை ஹெட்போனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், நிறுத்தாமல் கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், அது கட்டி எழுப்ப எடுத்துக்கொள்கிற நேரம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். எங்கள் செட்டில் ஒருவர் புனேவுக்கு மாறிப்போகிறார், அடுத்த மாதத்திலிருந்து ஓர் இடம் காலி. விதிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுப்போம். காலை பத்து மணிக்கு வர முடிய வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.